சர்ப்பகந்தா வேரும் ரியாளாவும்: இரத்த அழுத்தத்தை ஆளும் ஹார்மோன்கள்

வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிரே அமைந்த ஊர் லப்பைக்குடிக்காடு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியபின், இத்தகைய ஊர்களிலும் இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாயிலுக்கு வருவது சாத்தியமாயிற்று. அம்மாத்திரைகளின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் டில்லி திப்பிய்யா கல்லூரிக்குரியது.

ஹகீம் அஜ்மல் கான் உருவாக்கிய அக்கல்லூரியை 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் திறந்து வைத்தார். யுனானி மருந்துகளை நவீன வேதியியல் கொண்டு ஆராய வேண்டும் என்பது ஹகீமின் வேட்கை. ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீகியை அப்பணிக்கு அவர் தேர்ந்தார். பயனைக் காணாமலே 1927 இறுதியில் மறைந்தார். 1931இல் சலீமுஸ்ஸமானும் ரஃபத் ஹுசைன் சித்தீகியும் சர்ப்பகந்தா வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ‘அஜ்மலீன்’ எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையே உலகின் கவனத்தை ஈர்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. அஜ்மலீன் இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சார்ந்த மருந்து. அழுத்தத்தைத் தணிப்பதில் புகழ்பெற்றது ரெசர்பினே. பெருமிதத்தில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவோர் உண்டு.

ரெசர்பின் செயற்பட்ட விதம் பின்னரே துலங்கிற்று. நரம்பு முனைகளில் சேமிக்கப்படும் நார்அட்ரினலின் என்னும் பொருளை அது வெறுமையாக்குகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் இப்பொருளை 1946இல் இனங்காட்டியவர் சுவீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர். அதற்கு முன்பே, 1898இல், ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் ‘ரெனின்’ இருப்பதைக் கண்டிருந்தனர். ரெனின் ஆஞ்சியோடென்சினைத் தோற்றுவிக்கிறது. அது குழாய்களை இறுக்குவதோடு, ஆல்டோஸ்டிரோனைத் தூண்டி உடலில் உப்பையும் நீரையும் தங்கச் செய்கிறது. இன்றைய மாத்திரைகளுள் பல இவ்விரு வழிகளில் ஏதேனும் ஓரிடத்தை மறிப்பவையே.

மருந்து மறிக்கும் அதே வழிகளில் உடற்பயிற்சியும் செல்கிறது. நடக்கும்போதோ ஓடும்போதோ நார்அட்ரினலினும் ரெனினும் குறைவதில்லை; உயர்கின்றன. பல வாரங்கள் இடைவிடாது பழகிய உடலில்தான், ஓய்ந்திருக்கும் வேளைகளில் அவற்றின் அளவு தாழ்கிறது. பெல்ஜியத்தின் கார்னலிசனும் ஃபாகார்டும் 72 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, நார்அட்ரினலின் 29 விழுக்காடும் ரெனினின் செயல்திறன் 20 விழுக்காடும் குறைந்தன. உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கு மேல் அளவு 6.9, கீழ் அளவு 4.9 மில்லிமீட்டர் இறங்கிற்று. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த இது போதாது. ஆயினும் புறக்கணிக்கத்தக்க அளவுமன்று. பயிற்சியை விட்டால் இப்பயனும் மங்கிவிடும்.

யுனானி மருத்துவம் உடல்நலத்துக்கு இன்றியமையாதன என வகுத்த ஆறனுள் அசைவும் ஓய்வும் ஒன்று. இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் ரியாளா எனப்படும் உடற்பயிற்சிக்குத் தனிப்பகுதியே ஒதுக்கினார். மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் வருமாறு நாமே விரும்பிச் செய்யும் அசைவே ரியாளா என்பது அவர் தந்த இலக்கணம். மற்போர், ஓட்டம், விரைநடை, வில்வித்தை எனப் பலவற்றை வகைப்படுத்தினார். அவர் ஹார்மோன்களை அறிந்திருந்தார் என எழுதுவது அவருக்கும் அழகன்று, நமக்கும் அழகன்று. கிரேக்கரான காலனிடமிருந்து கற்றதைத் தம் அனுபவத்தால் செப்பனிட்டார் என்பதே உண்மை, அதுவே பெரிது. நம் சமூகம் அவருடைய மருந்துகளை லேகியங்களாகவும் சூரணங்களாகவும் பேணிக்கொண்டது. ரியாளாப் பகுதியைத்தான் ஏட்டிலேயே விட்டுவிட்டது.

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களுக்கு அத்தனை நீளம் தேவையில்லை. ஆண்கள் ஃபஜ்ருக்குப் பின் ஆற்றங்கரையில் நடந்துகொள்வர். கணவரும் மக்களும் கடல் கடந்து உழைக்க, வீட்டிலிருந்தபடி மாத்திரையை எதிர்பார்க்கும் பெண்கள் அச்சமின்றி நடக்க ஒரு பாதை வேண்டும். அதைப் பேரூராட்சியும் ஜமாஅத்தும் சேர்ந்து ஒதுக்கித் தரலாம்.