கண்ணாடி மணிக்குப் பட்டை போட எந்தக் கருவி?

போன பொங்கலுக்கு வையம்பட்டி போனபோது, கையால் செய்த கண்ணாடி மணிகள் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். பட்டை போட்டுப் பார்ப்போமே என்று ட்ரில்லிங் மெஷினில் சாணைச் சக்கரத்தை மாட்டினேன். மூன்று மணிகள் விரிசல் விட்டன. நான்காவது தெறித்து ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "தண்ணி வைக்காம யாருடா கல்லு தீட்டுவா?" என்றார்.

அத்தை செயற்கை வைரம் பட்டை தீட்டியவர். திருச்சி வட்டாரத்தில் பல கிராமங்களில் இது வீட்டுத் தொழில். குச்சி நுனியில் அரக்கை உருக்கிக் கல்லைப் பதித்து, சுழலும் தட்டில் ஒவ்வொரு பட்டையாகத் தேய்ப்பார்கள். கோணம் கைப்பழக்கத்தில் வருவது.

கருவியைத் தேர்ந்தெடுக்க அடிப்படை விதி ஒன்றுதான்: தேய்க்கும் பொருள், தேய்படும் பொருளைவிடக் கடினமாக இருக்கணும். மோஸ் அளவில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7, கியூபிக் சிர்கோனியா 8-க்கு மேல், குருந்தம் 9, வைரம் 10. அத்தையின் கல்லுக்கு வைரப்பொடி வேணும். என் மணிக்குக் குருந்தப்பொடியே தாராளம். முதலில் கரடுமுரடான பொடி, பிறகு நைஸ் பொடி, மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு. நான் கோட்டைவிட்டது கடினத்தில் இல்லை, சூட்டில். தேய்க்கிற இடம் மட்டும் சூடாகி விரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

இந்தக் குருந்தம் நம்ம ஊர்ச் சரக்கு. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்பதே தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. நொய்யல் கரையில் கல்மணிகள் செய்த கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் குருந்தம் கிடைக்கும் சிவன்மலை இருக்கிறது. ஆக, கண்ணாடியைத் தீட்டத் தேவையான பொருள் 2000 வருஷத்துக்கு முன்பே இங்கே காலடியில் கிடந்தது.

அப்படியானால் பழைய கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவற்றில் ஏன் பட்டை இல்லை? அரிக்கமேட்டு மணிகளைப் பாருங்கள். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை அவை. வடிவத்தையும் பளபளப்பையும் நெருப்பே கொடுத்துவிடுகிறது. பழனி அருகே பொருந்தலில் 2009-இல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அந்த எண்ணிக்கைக்கு ஒவ்வொன்றாகச் சாணை பிடிப்பது கட்டுப்படியாகாது.

அதனால்தான் ஒரு கண்ணாடி மணியில் பட்டை தெரிந்தால் நின்று பார்க்கணும் என்கிறேன். கல் வேலைக்காரரின் கை அதில் பட்டிருக்கலாம். ஆனால் உடனே அப்படி எழுதிவிடவும் முடியாது. மணி சூடாக இருக்கும்போதே தட்டையான பரப்பில் அழுத்தினாலும் பட்டை விழும். அழுத்திய பட்டையின் விளிம்பு மழுங்கி, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். தீட்டிய பட்டையில் விளிம்பு கூராக நிற்கும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் கீறல்கள் தெரியலாம். மண்ணில் கிடந்து அரித்துப்போன மணியில் இரண்டுமே அழிந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

என்னிடமிருந்த மணிகளில் ஒன்றில் ஏற்கெனவே பட்டை இருந்தது. அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடி போடவில்லை, லென்ஸ் கேட்கவில்லை. கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டிவிட்டு, "இது தீட்டுனது இல்ல, அமுக்குனது" என்றார். லென்ஸில் பார்த்தேன். கீறல் இல்லை, விளிம்பு மழுங்கல்.

டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1895-இல் ஆஸ்திரியாவின் வாட்டன்ஸில் ஆலை தொடங்கியது, கண்ணாடிக்கு இயந்திரத்தால் பட்டை போடத்தான். இயந்திரம் தீட்டிய கற்கள் மலிவாக வந்ததும் அத்தையின் வேலையும் நின்றது. தட்டு இப்போது பரண்மேல். அந்த நகத்துக்குத் தெரிந்ததை எந்த அகழாய்வு அறிக்கையிலும் நான் படித்ததில்லை. அடுத்த முறை போகும்போது ரெக்கார்டர் எடுத்துப் போகணும்.