தொம்பலூரும் விண்ணமங்கலத்து ஏரியும்

பெங்களூர் நகரின் கிழக்கே, பழைய விமான நிலையச் சாலையை ஒட்டியுள்ள தொம்லூர் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதியாகும். ஆயினும் அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிற் கல்வெட்டுகள் காட்டுவது நிலமும் கிணறும் ஏரியும் கொண்ட ஒரு வேளாண் ஊரையே. அக்கல்வெட்டுகளில் அவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது. பின்னது வணிகரின் செல்வாக்கை உணர்த்தும் சிறப்புப் பெயராகலாம். மக்கள் வழக்கில் நிலைத்தது முன்னதே.

கன்னட நிலத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுதல் வியப்புக்குரியதன்று. 11-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி சோழர் ஆட்சியில் இருந்தது. பின்னர் 1254-ஐ ஒட்டிப் போசள நாடு பிரிக்கப்பட்டபோது, தமிழ்ப் பகுதிகளோடு இதுவும் வீர இராமநாதனுக்கு உரியதாயிற்று. அவன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று 1270-இல் கோயிலுக்கு இரு கதவுநிலைகள் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. தலைக்காட்டு என்பாரும் அவர் மனைவியும் சலப்பள்ளி ஊர் நிலத்தையும் விண்ணமங்கலத்து ஏரியையும் சார்ந்து அளித்த கொடையை மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது.

இவ்விண்ணமங்கலமே மொழியியலாரின் கவனத்திற்குரியது. தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரமாதல் அறிந்ததே: வில்–பில்லு, வேர்–பேரு, வெல்லம்–பெல்ல. அம்முறையில் விண்ணமங்கலம் பின்னமங்கல என்றாகும். நெலமங்கலப் பகுதியிலும் இப்பெயருடைய ஊர் உண்டு. எனினும் தொம்லூரை அடுத்து, இன்றைய இந்திராநகரில் அடங்கியுள்ள பின்னமங்கலத்தைக் கொள்வதே இடத்திற்குப் பொருந்துகிறது. நீர் அருகிலிருந்தால்தான் பயன்.

இறைவனின் பெயரில் மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடும். சொக்கநாதர் என்றதும் தமிழர் மதுரைச் சிவபெருமானை நினைப்பர். இங்குள்ளவர் திருமால், கல்வெட்டுகளிலும் சொக்கப்பெருமாள் என்றே வருகிறது. விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் காலத்தில் தொம்பலூரைச் சூழ்ந்த வீடுகளும் கிணறுகளும் நிலங்களும் இவருக்கே உரியவாக்கப்பட்டன.

1809-இல் படைப்பாளையம் அமைந்ததும், 1940-இல் வானூர்தித் தொழிற்சாலை தோன்றியதும் நகரைக் கிழக்கு நோக்கி இழுத்தன. 1976-இல் பெங்களூர் வளர்ச்சிக் குழுமம் ஏற்பட்டபின் விளைநிலங்கள் மனைகளாயின. இன்று முகவரிகளில் ‘தொம்லூர் லேஅவுட்’ என்பதும் ‘தொம்லூர் வில்லேஜ்’ என்பதும் அருகருகே வழங்குகின்றன. பின்னதில் வயல் ஏதுமில்லை. பழைய குடியிருப்பின் நெருங்கிய தெருக்களையே அது சுட்டுகிறது. அதனைச் ‘சிற்றூர்’ என மொழிபெயர்ப்பது பிழையாகும். அது பொதுப்பெயராக இருந்து இடப்பெயரின் உறுப்பாகிவிட்ட சொல், ஒலிபெயர்த்தலே முறை.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘டொம்லூர்’ என எழுதுகின்றன. இது ஆங்கில எழுத்தின் வழி வந்த டகரம். கன்னடர் எழுதுவதோ தகர வருக்கத்தின் ஒலிப்புடைய எழுத்தால், தொம்மலூரு என்று. மகர பகர இணை மகர இரட்டிப்பாதலும், இடை அகரம் கெடுதலும் சேர்ந்து தொம்பலூர், தொம்மலூர், தொம்லூர் என வடிவங்கள் தொடர்கின்றன. தகரத்தால் எழுதினால் இத்தொடர்ச்சி புலப்படும். டகரத்தால் எழுதினால் கல்வெட்டிலுள்ள ஊரும் பேருந்துப் பலகையிலுள்ள ஊரும் வேறு வேறாகத் தோன்றும்.