பகுதி நேரப் பிள்ளை பராமரிப்பு: எவ்வளவு கொடுப்பது நியாயம்?

ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ஃபார்லிம் வட்டாரங்களில் அடுக்குமாடி வீடுகள் அதிகம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் அங்கு அதிகம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடியும் நேரமும் பள்ளி விடும் நேரமும் ஒத்துப்போவதில்லை. இடையில் உள்ள சில மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பெரும்பாலும் அதே மாடியில் இருக்கும் ஓர் அக்காவோ ஆன்ட்டியோ கைகொடுக்கிறார். சிக்கல் சம்பளப் பேச்சில்தான் தொடங்குகிறது. "நீங்க பார்த்துக் கொடுங்க" என்கிறார் அவர். எதைப் பார்த்துக் கொடுப்பது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தோட்டத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் தாய்மார்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது, ஆயாவின் சம்பளம் குடும்பத்தின் தலையில் விழுந்தது. அதைக் கணக்கிடும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை.

அடிப்படை அளவு: மணிக்கு 8 ரிங்கிட் 17 சென்

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1ஆம் தேதி ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கும், ஆகஸ்ட் 1ஆம் தேதி மற்ற முதலாளிகளுக்கும் இது நடப்புக்கு வந்தது. நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள் என்று வகுத்தால் மணிக்கு இது 8 ரிங்கிட் 17 சென் ஆகிறது.

ஆனால் இந்த ஆணை வீட்டுப் பணியாளர்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் வீட்டில் பிள்ளை பார்ப்பவரும் அந்தப் பிரிவில்தான் வருகிறார். எனவே, இதற்குக் குறைவாகக் கொடுத்தால் சட்டம் கேட்காது. இருந்தாலும் நியாயமான அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால் கையில் இருப்பது இதுதான். கடையில் சாமான் அடுக்குபவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது, நம் பிள்ளையைப் பாதுகாப்பவருக்கும் கிடைக்கட்டும் என்று தொடங்கினால் பேச்சு சுலபமாகும்.

ஒரு கணக்கு: பள்ளி முடிந்து வரும் ஒரு பிள்ளையைத் தினமும் 4 மணி நேரம், மாதம் 22 நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு 32 ரிங்கிட் 68 சென். மாதத்துக்கு ஏறக்குறைய 719 ரிங்கிட்.

யார் வீட்டில் என்பதே முதல் கேள்வி

பராமரிப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அவருடைய நேரம் முழுவதும் உங்களுக்கே. அப்போது மணிக் கணக்குதான் பொருத்தம். போக்குவரத்துச் செலவு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

பிள்ளை அவர் வீட்டுக்குப் போனால் நிலைமை வேறு. அவர் தம் வீட்டுச் சமையலைக் கவனிப்பார், இன்னும் ஓரிரு பிள்ளைகளையும் வைத்துக்கொள்வார். அப்போது பிள்ளைக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். இங்குதான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 220 மணி நேரம். அதற்கு 350 ரிங்கிட் பேசினால் மணிக்கு 1 ரிங்கிட் 59 சென்தான் வருகிறது. அதே தொகையில் மூன்று பிள்ளைகளைப் பார்த்தாலும் மணிக்கு 4 ரிங்கிட் 77 சென். மூன்று குடும்பமும் தலா 600 ரிங்கிட் கொடுத்தால்தான் அவர் குறைந்தபட்ச அளவைத் தொடுகிறார்.

பிள்ளைகளைக் கூட்டினால் சம்பளம் கூடும், ஆனால் கவனம் பிரியும். பதிவு பெற்ற தஸ்காக்களுக்கான விதியில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றால் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். வீட்டில் பார்ப்பவருக்கும் இதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்க்கப்பட்டால், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வீடு சமூக நலத்துறையில் பதிவு பெற வேண்டும்.

கட்டுப்படியாகாத குடும்பம் என்ன செய்யலாம்?

1,700 ரிங்கிட் சம்பளம் வாங்கும் தாய், 719 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டால் மீதம் ஆயிரம்கூட இல்லை. இது உண்மையான சுமை. அதற்காகப் பராமரிப்பாளரின் சம்பளத்தைக் குறைப்பதைவிட, செலவைப் பங்கு போடுவது நல்லது.

ஒரே மாடியில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்தால் மணிக்கு 12 ரிங்கிட் 25 சென். அதே 4 மணி நேரம், 22 நாளுக்கு மொத்தம் 1,078 ரிங்கிட். ஒரு குடும்பத்தின் பங்கு 539 ரிங்கிட். குடும்பத்துக்கு 180 ரிங்கிட் மிச்சம். பராமரிப்பாளருக்கோ 359 ரிங்கிட் கூடுதல்.

இரவு ஷிப்ட் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 மணி நேர ஷிப்டுடன் போக்குவரத்து நேரத்தையும் சேர்த்தால் 14 மணி நேரம். மாதம் 15 நாள் என்றால் 210 மணி நேரம். நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள் வேலை செய்யும் முழு நேரத் தொழிலாளியின் 208 மணி நேரத்தைவிட இது அதிகம். பேச்சுக்குத்தான் பகுதி நேரம். பிள்ளை தூங்கும் நேரத்துக்குக் குறைந்த கட்டணம் பேசிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தனியாகச் சொல்லிப் பேச வேண்டும். குழந்தை இரவில் இருமுறை எழுந்து பால் குடிக்கும் என்றால் அது தூங்கும் நேரமல்ல.

அடிப்படைக்கு மேல் எதற்குக் கூடுதல்?

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளை, சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளை ஆகியோருக்குக் கூடுதல் கொடுப்பதே முறை. பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், வீட்டுப் பாடம் சொல்லித் தருவதும் தனி வேலைகள். வீடு கூட்டுவது, துணி துவைப்பது, குடும்பத்துக்கே சமைப்பது ஆகியவை பிள்ளை பராமரிப்பில் சேராது. அவை வேண்டுமென்றால் தனியாகப் பேச வேண்டும். பால் மாவு, பம்பர்ஸ், மாற்றுத் துணி பெற்றோர் கொடுப்பது. சாப்பாடு அவர் வீட்டில் என்றால் அதற்கும் ஒரு தொகை வேண்டும்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்பவர் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வீட்டுப் பணியாளர் ஆகிறார். அவரை நிறுத்துவதென்றால் 14 நாள் முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அவர் விலகுவதென்றாலும் அப்படியே. 2021 ஜூன் 1ஆம் தேதி முதல் வீட்டுப் பணியாளர் வைத்திருப்போர் சொக்சோவில் பதிந்து சந்தா செலுத்த வேண்டும். படியில் வழுக்கி விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்ற சண்டைக்கு அங்கே இடமில்லாமல் போகும்.

வேறொரு முதலாளியின் பெயரில் பெர்மிட் உள்ள வெளிநாட்டுப் பணிப்பெண்ணைச் சில மணி நேரத்துக்கு இரவல் வாங்குவது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். சம்பளம் மலிவு என்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வரிக் கழிவு தஸ்கா, பாலர் பள்ளி போன்ற பதிவு பெற்ற இடங்களின் கட்டணத்துக்குத்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அது கிடைக்காது. இரண்டையும் ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

தெரிந்தவர்தானே என்று வாய்ப் பேச்சோடு விட்ட இடத்தில்தான் பல உறவுகள் முறிகின்றன. ஒரு பக்கம் போதும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில். பிள்ளையைக் கூப்பிடத் தாமதமானால் அரை மணிக்கு எவ்வளவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் விடுப்பு எடுத்தால் அந்த நாள் சம்பளம் உண்டா. பள்ளி விடுமுறையில் என்ன செய்வது. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஏற்பாடு என்ன. சம்பளத்தை மீண்டும் எப்போது பேசுவது என்று எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் தாமதக் கட்டணத்தையும், பெற்றோர் ரத்து செய்யும் நாளின் சம்பளத்தையும்தான் பலரும் பேச மறக்கிறார்கள். பாயா தெருபோங் சாலையில் நெரிசல் என்றால் அரை மணி தாமதம் சாதாரணம். அந்த அரை மணியும் அவருடைய நேரம். நீங்கள் வராத நாளுக்காகவும் அவர் வேறு வேலையை ஏற்காமல் காத்திருக்கிறார்.

தீபாவளிக்குப் புடவையும் பலகாரமும் கொடுப்பது அன்பு. அது சம்பளத்தில் சேராது. மாதச் சம்பளம் சொன்ன தேதியில் கைக்கு வந்தால், "பார்த்துக் கொடுங்க" என்று சொல்லத் தயங்கும் நிலை அவருக்கு வராது. பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறும் தாய்க்கும் மனம் நிம்மதியாக இருக்கும்.