நிரல் எழுதும் கையும் சரிபார்க்கும் கண்ணும்



பேராக் மாநிலத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள். ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று அவர்களுக்குக் கல்விக்கூடங்கள் திறந்திருக்கின்றன. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "கணினிக்கு வேண்டிய நிரலைக் கணினியே எழுதிவிடுகிறதாமே! அப்படியானால் எங்கள் பிள்ளையின் படிப்பால் என்ன பயன்?"

நியாயமான கேள்வி. ஒரு சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. ஆனால், மனிதன் செய்த வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்ட வரலாறு நம் கிந்தாப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. கணினியின் வரலாற்றிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில், நிரல் என்றால் என்ன? கணினிக்கு நாம் வரிசைப்படுத்திக் கொடுக்கும் கட்டளைகளே நிரல். பால்மரம் சீவும் வேலையை ஓர் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 'மரத்தடிக்குப் போ; ஒட்டுப்பாலை எடு; பட்டையைச் சீவு; மங்கை வை; அடுத்த மரத்துக்குப் போ' என்று எழுதுகிறோம். இது போதுமா? போதாது. எவ்வளவு ஆழம் சீவுவது? உளி அளவுக்கு மீறி உள்ளே பட்டால் மரம் புண்ணாகி முண்டு கட்டிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் தோட்டத்தில் இன்று எந்தப் பகுதியின் முறை? மழையில் பட்டை நனைந்திருந்தால் என்ன செய்வது? நாம் எழுதாமல் விட்டதை எந்திரம் தானாக அறியாது. கொட்டும் மழையிலும் அது சீவிக்கொண்டே போகும். பால் மங்கில் சேராமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். ஆகவே, வேலையை நுட்பமாக அறிந்தவரால்தான் நல்ல நிரலைத் தர முடியும்.

இனி நம் மண்ணின் கதைக்கு வருவோம். கிந்தாவின் ஈய லம்பங்களில் தொடக்கக் காலத்தில் மண்வெட்டியும் கூடையும் மனிதத் தோளுமே கருவிகள். பெண்கள் துலாங் தட்டை ஏந்தி, ஆற்று நீரில் மணலை அலசி ஈயம் எடுத்தார்கள். பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல்கள் வந்தன. பத்து காஜாவுக்கு அருகில் இன்றும் நிற்கும் தஞ்சோங் துவாலாங் 5ஆம் எண் கப்பலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் மண்ணை வாரி, உள்ளேயே அலசி, ஈயத்தைப் பிரித்தெடுத்தது. 1982 வரை வேலை செய்தது.

பெருங்கூட்டம் செய்த வேலையை அந்தக் கப்பல் சிறு குழுவைக் கொண்டு முடித்தது. ஆனால், எந்த நிலத்தடியில் ஈயம் உண்டு என்பது கப்பலுக்குத் தெரியாது. துளையிட்டு மண்ணைச் சோதித்த மனிதர்தாம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். கப்பலால் கிடைத்த இலாபம் அதன் உரிமையாளர்களுக்குப் போயிற்று. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது, லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, எந்திரத்தை ஓட்டப் பழகியவர்களும் வேலை இழந்தார்கள்.

ரப்பரின் கதை வேறு. 1877இல் கோலாகங்சாரில் முதல் கன்றுகள் நடப்பட்ட காலத்துக்குப் பிறகு எத்தனையோ ஆராய்ச்சிகள் நடந்துவிட்டன. சீவுவதற்கு எந்திரங்களும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆயினும், பெரும்பாலான இடங்களில் இன்றும் மனிதக் கைதான் பால்மரம் சீவுகிறது. அப்படியிருந்தும் நம் மக்கள் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது ஏன்? தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலம் வீடமைப்புக்கும் போயிற்று. ஆக, வேலை போவதற்கு எந்திரம் மட்டுமே காரணமன்று. உடைமையாளரின் முடிவும் காரணம். இதை உணர்ந்துதான், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களை வாங்கி, அவர்களையே பங்குதாரர்களாக்கியது அந்தச் சங்கம்.

இந்த இரண்டு பாடங்களையும் மனத்தில் கொண்டு கணினியின் வரலாற்றைக் காண்போம்.

1843இல் இங்கிலாந்தில் அடா லவ்லேஸ் என்னும் அம்மையார், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்கு வேண்டிய செயல்முறையைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். அந்த எந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. நூறாண்டுகளுக்குப் பிறகு, 1940களில் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி உருவானது. அதற்குக் கட்டளை கொடுக்கக் கம்பிகளை இடம் மாற்றிச் செருக வேண்டும். விசைகளைத் திருப்ப வேண்டும். அந்த நுட்பமான பணியைச் செய்தவர்கள் ஆறு பெண்கள்.

அடுத்து வந்தவர் கிரேஸ் ஹாப்பர். மனிதருக்கு எளிதான குறிப்புகளைக் கொடுத்தால், எந்திர மொழிக் கட்டளைகளை எந்திரமே திரட்டிக்கொள்ளும் முறையை அவர் 1952இல் செய்துகாட்டினார். பலர் அதை நம்ப மறுத்தனர். கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்றனர். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோதும் அதே ஐயம் எழுந்தது. கையால் எழுதும் நிரலுக்கு எந்திரம் எழுதுவது ஈடாகுமா என்று கேட்டனர். ஈடானது. நிரல் எழுதுவோர் அழிந்தார்களா? இல்லை. எழுதுவது எளிதாகவே, வங்கி, விமானம், மருத்துவமனை என்று எங்கும் நிரல் தேவைப்பட்டது. நிரலாளர் தொகை பெருகியது.

நேயர்களே, கணினியே நிரல் எழுதுகிறது என்ற செய்தி நேற்று வந்த செய்தியன்று. எழுபது ஆண்டுப் பழமை உடையது.

நிரல்கள் பெருகியதும் புதுச் சிக்கல் தோன்றியது. சொன்ன காலத்தில் வேலை முடியவில்லை. முடிந்தவற்றிலும் பிழைகள் மலிந்தன. 1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் அறிஞர்கள் கூடி, மென்பொருள் ஆக்கத்தையும் பொறியியல்போல் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று விவாதித்தனர். பிரெட் புரூக்ஸ் என்பவர் 1975இல் எழுதிய நூலில், தாமதமான வேலைக்கு மேலும் ஆள்களைச் சேர்த்தால் தாமதம் கூடவே செய்யும் என்றார். புதிதாக வந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் பழைய ஆள் தம் நிரையை விட்டு வந்தால், அந்த நிரை சீவாமல் கிடக்குமல்லவா?

இத்தகைய அனுபவங்களிலிருந்து சில நல்ல பழக்கங்கள் உருவாயின. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்வது ஒன்று. ஒவ்வொரு பகுதியையும் சோதிப்பது ஒன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது மற்றொன்று. மாற்றங்கள் அனைத்தையும் தேதியோடு பதிந்து வைத்து, தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி செய்துகொள்வது வேறொன்று. சீவிய மரத்தைக் கங்காணி பின்னால் வந்து பார்ப்பது நமக்குப் பழக்கமானதுதான். வெட்டு ஆழமா, பட்டை வீணானதா என்று வேறொரு கண் பார்க்க வேண்டும்.

அந்தக் கண் தவறினால் என்ன ஆகும்? பிரிட்டன் நாட்டு அஞ்சலகங்களின் கதையைக் கேளுங்கள். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கணினி முறை கணக்கு பார்க்கத் தொடங்கியது. கிளை அஞ்சலகங்களை நடத்திய எளிய மனிதர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. பிழை நிரலில் இருந்தது. பழி மனிதர்மேல் விழுந்தது. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், சிலர் வீடிழந்தனர், உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. கணினி பொய் சொல்லாது என்ற நம்பிக்கையே அவர்களைச் சாய்த்தது. ஆலன் பேட்ஸ் என்பவரின் முயற்சியால் 555 பேர் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று 2019இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமியற்றித் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது.

நம் பெரியவர்களுக்கு இந்த வேதனை புரியும். பால் ஸ்டோரில் நிறுவை ஒன்றாகவும் ஏட்டில் ஏறிய எண் வேறாகவும் இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி எதைக் காட்டி வாதிடுவார்? எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் வேண்டும் என்றுதானே தோட்டத்துப் பள்ளிக்கு அனுப்பினோம்!

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2021இல் கிட்ஹப் கோபைலட் என்ற கருவி அறிமுகமானது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. மனிதர் எழுதிய ஏராளமான நிரல்களையும் நூல்களையும் கொண்டு பழக்கப்பட்டவை இவை. வழக்கமாக அடுத்து எது வரும் என்று கணித்து எழுதுகின்றன. நாம் சாதாரண மொழியில் கேட்டால் போதும். நொடியில் நிரல் கிடைக்கும். பழைய நிரலை விளக்கவும், பிழையைத் தேடவும், திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் குறைக்கவும் இவை உதவுகின்றன. ஆனால், சில வேளைகளில் இல்லாத ஒன்றை இருப்பதுபோலவே எழுதிவிடும். தவறையும் தயக்கமின்றிச் சொல்லும்.

2025இல் மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. அனுபவம் வாய்ந்த 16 நிரலாளர்களுக்கு 246 பணிகள் கொடுக்கப்பட்டன. சிலவற்றைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடும் சிலவற்றைத் துணையின்றியும் செய்தனர். துணை இருந்ததால் 20 விழுக்காடு நேரம் மிச்சமானதாக அவர்கள் கருதினர். அளந்து பார்த்தால், 19 விழுக்காடு நேரம் கூடுதலாகவே ஆகியிருந்தது! அவர்கள் தாங்கள் நன்கறிந்த பெரிய நிரல்களில் வேலை செய்தவர்கள். கருவிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. எனவே, இதை எல்லாருக்கும் பொருந்தும் முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனால், வேகம் என்று தோன்றுவதெல்லாம் வேகமன்று என்பதை இது காட்டுகிறது.

பெற்றோரின் கவலையில் உண்மை இல்லாமலில்லை. புதிதாகச் சீவப் பழகுபவரிடம் இளமரத்தை ஒப்படைக்கமாட்டார்கள். வெட்டப்போகும் கிழமரத்தில் பழகவிடுவார்கள். நிரல் துறையிலும் சிறு சிறு எளிய வேலைகளே புதியவரின் கிழமரம். அவ்வேலைகளை இன்று எந்திரம் செய்கிறது. பிள்ளைகள் எங்கே பழகுவார்கள்? நிறுவனங்களும் கல்லூரிகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேலும், இக்கருவிகளில் பெயர்பெற்றவை சில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. தோட்டம் யாருடையது என்று அன்று கேட்டோம். கருவி யாருடையது என்று இன்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பிள்ளை முதலில் தன் கையாலேயே நிரல் எழுதிப் பழகட்டும். கணக்கையும் தர்க்கத்தையும் விட்டுவிட வேண்டாம். அடிப்படை வந்த பிறகு கருவியைப் பயன்படுத்தட்டும்; அது எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்கட்டும். காரணம் விளங்காத வரியைப் பிறருடைய சம்பளத்திலோ மருந்திலோ பயன்படுத்தக் கூடாது. நிரலோடு வேறொரு துறையையும் அறிந்திருப்பது நல்லது: செம்பனை ஆலை, கூட்டுறவுக் கணக்கு, மருத்துவமனை, மொழி. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களில் முரசு அஞ்சலை உருவாக்கிக் கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். தமிழை அறிந்தவர் நிரலையும் அறிந்திருந்ததால் அது இயன்றது.

துளையிட்டு மண்ணைச் சோதித்தவர் இல்லாமல் ஈயக் கப்பல் பயன்பட்டதில்லை. நிரல் எழுதும் எந்திரத்துக்கும் அதுவே பொருந்தும். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பெரியோர் சொல்வார்கள். தீர விசாரிக்கத் தெரிந்த பிள்ளையின் படிப்பு வீண் போகாது. கருவி எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்படைப்பதற்கு மட்டும் படித்த பிள்ளைக்கு அந்த உறுதியை நாம் தர இயலாது. ஆகவே, நேயர்களே, பிள்ளை என்ன பாடம் படிக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், எப்படிப் படிக்கிறது என்றும் கேளுங்கள்.