நிலவைப் படம் பிடித்தவர்கள்: ஒரு சிறு வரலாறு



முழுநிலவுக்கு மறுநாள் காலை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பள்ளி வாசலில் தன் தந்தையின் கைப்பேசியை வாங்கி என்னிடம் ஒரு படத்தைக் காட்டினான். கரிய வானில் ஒரு வெண்பொட்டு, அவ்வளவுதான். "ஐயா, கண்ணுக்குத் தெரிகின்ற முயல் படத்தில் இல்லையே, ஏன்?" என்று கேட்டான்.

இதற்கான அறிவியல் விடை எளிது. நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அதற்குப் பகல் வெளிச்சத்தில் படம் எடுப்பது போன்ற அளவே ஒளி தேவை. ஆனால், கைப்பேசி சுற்றியுள்ள இருளை முதன்மையாகக் கணக்கிட்டு ஒளியை மிகுதியாக உள்ளே விடுகின்றது. அதனால் நிலவு வெளுத்துப் போகின்றது. திரையில் நிலவைத் தொட்டு வெளிச்ச அளவைக் குறைத்தால் முயல் தோன்றிவிடும்.

விடையைச் சொல்லி அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அவனுடைய கேள்வி என்னை விடவில்லை. கண் காண்பதைக் கருவி காணவில்லை என்னும் இதே குறையோடுதான் வானியல் ஒளிப்படக்கலையும் தொடங்கியது. அக்குறையைத் தீர்த்தவர்கள் பலரும் வானியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

இருபது நிமிட நிலவு

பிரான்சு நாட்டின் டகேர் உருவாக்கிய ஒளிப்பட முறை 1839-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதியும் முறை அது. மறு ஆண்டே, 1840 மார்ச்சு மாதத்தில், நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவின் படமொன்றை எடுத்தார். உருவத்தின் அளவு ஏறத்தாழ ஓர் அங்குலம். அதைப் பதிய 20 நிமிடங்கள் தேவைப்பட்டன.

இந்த 20 நிமிடங்களில்தான் சிக்கலே இருக்கின்றது. பூமி சுழல்வதால் நிலவு வானில் நகர்ந்துகொண்டே இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் அது தன் குறுக்களவு முழுவதையும் கடந்துவிடும். ஆகவே, படம் பிடிப்பவர் நிலவை விடாமல் பின்தொடர வேண்டும். பின்தொடராவிட்டால் தகட்டில் நிலவு பதியாது. நீண்டதொரு வெண்கோடே பதியும். அன்று முதல் இன்று வரை இரவு வானைப் படம் பிடிப்போரின் முதல் பாடம் இதுவே.

காகித வணிகரின் கைகள்

1850 ஜூலை 17-ஆம் நாள் ஆர்வர்டு வானாய்வகத்தில் வேகா விண்மீன் படம் பிடிக்கப்பட்டது. ஒரு விண்மீன் ஒளிப்படத்தில் பதிந்தது அதுவே முதன்முறை. அங்கே தகட்டைக் கையாண்டவர் ஜான் ஆடம்ஸ் விப்பிள்; பாஸ்டன் நகரில் மக்களின் உருவப்படங்களை எடுத்து வாழ்ந்த தொழிலர். அவர் எடுத்த நிலவுப் படம் 1851-இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது.

அங்கே அதைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் வாரன் தெ லா ரூ. காகிதப் பொருள்களும் சீட்டுக்கட்டுகளும் செய்து விற்கும் குடும்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவரிடம் 13 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. ஆனால், வானத்தின் நகர்வுக்கேற்ப அதைத் திருப்பும் கடிகாரப் பொறி இல்லை. எனவே, 1850-களின் தொடக்கத்தில் அவர் நிலவைக் கையாலேயே பின்தொடர்ந்து படம் பிடித்தார். அப்போது புதிதாக வந்திருந்த ஈரத்தகட்டு முறை பத்து முதல் முப்பது நொடிகளில் நிலவைப் பதிந்துவிடும். அந்தச் சில நொடிகள் கை நடுங்காமல் இருக்க வேண்டும். அம்முயற்சியை இடையில் நிறுத்தி வைத்த அவர், 1857-இல் கடிகாரப் பொறியுடன் மீண்டும் தொடங்கினார்.

அவர் செய்த இன்னொரு வேலை என்னைப் பெரிதும் கவர்ந்தது. நிலவு எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகின்றது என்கிறோம். ஆயினும் அது சற்றே தலையசைப்பதுபோல அசைகின்றது. அதனால், காலப்போக்கில் அதன் பரப்பில் 59 விழுக்காட்டை நம்மால் காண முடியும். வெவ்வேறு காலங்களில் எடுத்த இரு படங்களைத் தெ லா ரூ பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவியில் அவற்றைப் பார்த்தபோது, நிலவு தட்டையான தட்டாக இல்லாமல் உருண்டையாகத் திரண்டு தோன்றியது.

வால்மீனும் உருவப்பட வில்லையும்

1858-இல் டொனாட்டி வால்மீன் வானில் தோன்றியது. செப்டம்பர் 27-ஆம் நாள் இங்கிலாந்தின் சரே பகுதியில் வில்லியம் அஷர்வுட் என்னும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அதைப் படம் எடுத்தார். வால்மீன் ஒன்று படத்தில் பதிந்தது உலகில் அதுவே முதன்முறை. மறுநாள் ஆர்வர்டு வானாய்வகத்தின் 15 அங்குலப் பெருந்தொலைநோக்கி முயன்றபோது வால்மீனின் ஒளிமிக்க நடுப்பகுதி மட்டுமே பதிந்தது.

சிறிய கருவி பெரிய கருவியை வென்றது எப்படி? அஷர்வுட் பயன்படுத்தியது மனிதர்களின் முகத்தைப் படம் எடுக்கும் வில்லை. உட்கார்ந்திருப்பவர் அசைவதற்கு முன் படத்தை முடிக்க வேண்டும் என்பதற்காக, ஒளியைச் சிறிய பரப்பில் செறிவாகக் குவிக்கும்படி அமைக்கப்பட்ட வில்லை அது. மங்கலாகப் பரந்து கிடக்கும் வால்மீனுக்கும் அதுவே பொருத்தமாக அமைந்தது. ஆயினும், அஷர்வுட் எடுத்த அப்படம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. முதற்படம் என்னும் பெருமை செய்தியாக மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

1882-இல் தென்னாப்பிரிக்காவில் இதுபோன்ற இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. அவ்வாண்டு தோன்றிய பெரும் வால்மீனை அங்குள்ள படப்பிடிப்பாளர்கள் சிலர் தத்தம் படக்கருவிகளால் பதிந்திருந்தனர். அதை அறிந்த கேப் வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில், மோபிரே என்னும் ஊரில் படப்பிடிப்புத் தொழில் செய்த ஆலிஸ் என்பவரை உதவிக்கு அழைத்தார். ஆலிஸின் படக்கருவி தொலைநோக்கியின்மேல் பொருத்தப்பட்டது. வால்மீன் அழகாகப் பதிந்தது. ஆனால், கில்லின் கண்கள் வேறொன்றைக் கவனித்தன. வால்மீனைச் சுற்றிலும் எண்ணற்ற விண்மீன்கள் பதிந்திருந்தன!

விண்மீன்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டியதில்லை. வானத்தையே படமாக எடுத்துப் பட்டியலிடலாம் என்னும் எண்ணம் அப்படங்களால் வலுப்பெற்றது. அதன் விளைவாகக் கில்லும் ஹாலந்து நாட்டின் காப்டெய்னும் இணைந்து, தென்வானத்தின் 454,875 விண்மீன்களைக் கொண்ட பட்டியலை 1896 முதல் 1900 வரை வெளியிட்டனர். அந்தப் பெரும்பணியின் வாசற்படியில் ஓர் ஊர்ப் படப்பிடிப்பாளர் நிற்கின்றார்.

கண்ணை வென்ற தகடு

ஈரத்தகட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. பூசிய கலவை உலர்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்க வழியில்லை. இக்குறையைத் தீர்க்கும் உலர்தகட்டு முறையை 1871-இல் வெளியிட்டவர் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் மருத்துவர்.

அதன்பின் வானம் வேறாயிற்று. 1880 செப்டம்பர் 30-ஆம் நாள் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடங்கள் ஒளி சேர்த்து ஓரியன் விண்முகிலைப் படமாக்கினார். இவர் முன்னர்ச் சொன்ன டிரேப்பரின் மகன், மருத்துவர். 1883 சனவரி 30-ஆம் நாள் ஆண்டுரூ ஐன்ஸ்லி காமன் என்னும் பொறியியலர், இலண்டனுக்கு அருகே ஈலிங்கிலுள்ள தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து அதே விண்முகிலை 36 அங்குலத் தொலைநோக்கியால் படம் எடுத்தார். அந்தப் படத்தில், அதே தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தாலும் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன.

என் மாணவனின் கேள்வி இங்கே தலைகீழாகின்றது. கண் காண்பதைக் கருவி காணவில்லை என்று தொடங்கிய கலை, கண் காணாததைக் கருவி காணும் நிலைக்கு 43 ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க இயலாது, தகட்டால் இயலும்.

1888 டிசம்பரில் ஐசக் ராபர்ட்ஸ் ஆந்திரோமெடாவைப் படம் எடுத்தார். இவர் லிவர்பூல் பகுதியில் கட்டடங்கள் கட்டிப் பொருள் ஈட்டியவர். மங்கலான புகையாகவே அதுவரை அறியப்பட்டிருந்த ஆந்திரோமெடாவின் சுருள் வடிவம் அப்படத்தில் தெளிந்தது. புதியதொரு சூரியக் குடும்பம் உருவாகின்றது என்று அவர் கருதினார். அது தவறு. அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனியொரு விண்மீன் பேரடை என்பதை எட்வின் ஹபிள் 1920-களில் நிறுவினார். விளக்கம் பிழைத்தாலும் படம் பிழைக்கவில்லை. நேர்மையாக எடுத்த பதிவு, எடுத்தவரின் கருத்தையும் கடந்து வாழும்.

பூட்டுத் தொழிலாளியின் இரவு

தகடு போய்ப் படச்சுருள் வந்தது. படச்சுருள் போய் மின்னணு உணரி வந்தது. 2000-களின் தொடக்கத்தில் கணினியில் முகம் பார்த்துப் பேசுவதற்கான மலிவான வலைக்கேமராக்களைத் தொலைநோக்கியில் பொருத்தி, ஆர்வலர்கள் கோள்களைப் படம் எடுத்தனர். நம் காற்றுமண்டலம் ஓயாது அலையாடுவதால் கோளின் உருவம் கலங்கும். அவர்கள் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, காற்று அமைதியாக இருந்த நொடிகளின் படங்களை மட்டும் கணினியால் தேர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர்.

2009 ஜூலை 19-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் கணினி நிரலாளராகிய அந்தோணி வெஸ்லி, வியாழன் கோளில் புதியதொரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒரு விண்பொருள் மோதிய வடு அது. அவர் சொன்ன பின்னரே பெரிய வானாய்வகங்கள் அப்பக்கம் திரும்பின.

2016 செப்டம்பர் 20-ஆம் நாள் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத் தொழிலாளியான விக்டர் பூசோ, புதிய படக்கருவியைச் சோதிப்பதற்காகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் பேரடையைத் தொடர்ந்து படம் எடுத்தார். முதற்படங்களில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று பின்னர் எடுத்தவற்றில் தோன்றி வளர்ந்தது. விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும் முதல் ஒளி அவருடைய கருவியில் பதிந்துவிட்டது. 2018-இல் அது 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தது.

அமெச்சூர் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நேசிப்பவர்' என்பது பொருள். தேர்ச்சி குறைந்தவர் என்று நாம் அதைத் தாழ்த்திவிட்டோம். காகித வணிகரும் கட்டடக்காரரும் பூட்டுத் தொழிலாளியும் அச்சொல்லின் பழைய பொருளுக்கு உரியவர்கள்.

நம் வானம்

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கின்றோம். வடதுருவ விண்மீன் நமக்கு அடிவானத்தை ஒட்டியே நிற்பதால், வானைப் பின்தொடரும் கருவியைச் சரியாக நிறுத்துவது இங்கே கடினம். ஈரக்காற்றும் மேகமும் நகர விளக்குகளும் வேறு. ஆனால், நிலவுக்கு இவற்றால் பெருந்தடை இல்லை. முழுநிலவைவிட வளர்பிறை ஏழாம், எட்டாம் நாள் நிலவே படத்துக்கு உகந்தது. அப்போது வெயில் பக்கவாட்டில் விழுவதால், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும்.

இதையும் அந்த மாணவனுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வாசலில் நின்றான். அவன் தந்தை சரக்குந்து ஓட்டுநர். அவர் தொலைநோக்குக் கண்ணாடியை வேலிக் கம்பத்தோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்ள, இவன் அதன் வழியே கைப்பேசியால் எடுத்திருக்கிறான். படம் சற்றே கலங்கியிருந்தது. ஆனால், எல்லைக்கோட்டில் மூன்று பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன.

படத்தை அச்சிட்டு, அதன் பின்புறம் நாள், நேரம், இடம், எடுத்த இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதிப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். "எதற்கு ஐயா?" என்றான். அஷர்வுட்டின் கதையைச் சொன்னேன்.