நான்கு நட்டுச் சக்கரம்

"சக்கரத்துல எத்தனை நட்டு இருக்குன்னு எண்ணுங்க அக்கா" என்றான் தம்பி.

குனிந்து எண்ணினேன். நான்கு.

"வி-8 எஞ்சின்னா அஞ்சு இருக்கும். நாலுன்னா ஆறு சிலிண்டர். விஷயம் தெரிஞ்சவங்க தூரத்துல நின்னே கண்டுபிடிச்சிடுவாங்க. இதுக்கு இங்க 'செக்ரெட்டரி கார்'னு ஒரு கிண்டல் பேரு இருக்கு."

தம்பி என் சித்தி மகன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்டுக்குப் பக்கத்தில் இருக்கிறான். ஒரு கோடை விடுமுறையை அவன் வீட்டில் கழித்தேன். அவன் கேரேஜில் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று எலும்பும் தோலுமாகக் கிடந்தது. கதவுகள் ஒரு மூலையில், இருக்கைகள் ஒரு மூலையில். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் இரண்டு வருடமாக அவனுடைய சனிக்கிழமை வேலை. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். காரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கிண்டல் பெயர் மட்டும் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒரு வண்டியை மட்டம்தட்ட வேண்டுமென்றால் அதை ஒரு பெண்ணின் வேலையோடு சேர்த்துச் சொன்னால் போதும் என்று யார் கண்டுபிடித்தார்கள்?

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களின் கைக்கு எட்டும் விலையில் விற்றதுதான் அமெரிக்க 'மஸில் கார்'. 1964இல் பான்டியாக் நிறுவனம் தன் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல வி-8 எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றதைத்தான் பலரும் அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதே 1964, ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. அடிப்படை விலை 2,368 டாலர். இரண்டு ஆண்டுக்குள் பத்து லட்சம் வண்டிகள். கறாராகப் பேசுகிறவர்கள் மஸ்டாங்கை மஸில் கார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; அது தனி ரகம் என்பார்கள். ஆனால் அதன் வி-8 வண்டிகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு ஒட்டவில்லை.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்களின் உலகில் எல்லாம் ஒரு சொல்லைச் சுற்றித்தான் சுழல்கிறது: அசல். எஞ்சின் அசலா, நிறம் அசலா, சீட் துணி அசலா? எல்லாவற்றுக்கும் சாட்சி எண்கள். தம்பி வண்டியின் எண் 6F07T என்று... இல்லை, தமிழிலேயே சொல்கிறேன்: ஆறு, எஃப், பூஜ்யம் ஏழு, டி என்று தொடங்குகிறது. ஆறு என்றால் 1966. எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை. பூஜ்யம் ஏழு என்றால் கூரை உள்ள இரண்டு கதவு வண்டி. டி என்றால் 200 கன அங்குல, ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன் எஞ்சின். ஓட்டுநர் கதவில் அறைந்த சிறு தகட்டில் நிறம், உட்புறத் துணி, செய்த தேதி, கியர்பாக்ஸ் எல்லாம் குறியீடுகளாக இருக்கின்றன. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த காலத்தில் கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் நாளும் கிடைத்தால் எப்படி மகிழ்ந்தேனோ, அப்படி அந்தத் தகட்டைப் படித்தேன்.

பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த ஆண்டு மஸ்டாங்குகளில் வண்டியின் எண்ணை எஞ்சின் மீதும் பொறிக்கும் மரியாதை, 271 குதிரைத்திறன் கொண்ட 'கே' வகை வி-8க்கு மட்டுமே கிடைத்தது. மற்ற எஞ்சின்களை வார்ப்புத் தேதியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எது பின்னால் பெருமைக்கு உரியதாகும் என்று பொறிக்கும்போதே ஓரளவு முடிவாகிவிடுகிறது. ஆவணக் காப்பகங்களில் பெண்களைத் தேடியலைந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல.

கணக்குக்கு வருவோம். வீட்டில் கணக்கு எழுதுகிறவள் தம்பியின் மனைவி. ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துக் காட்டினாள். வண்டி வாங்கியது 8,500 டாலர். இதுவரை செலவு 12,000. மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அது வண்டியின் அடித்தகட்டைத் தின்றிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் தகடும் துருப்பிடித்து, மழைத்தண்ணீர் நேராகக் காலடியில் ஒழுகியிருக்கிறது. டிங்கர் வேலை, பெயின்ட், குஷன் வேலை முடிக்க இன்னும் 15,000. ஆக 35,500. அவர்கள் விசாரித்த வரை, ஆறு சிலிண்டர் வண்டியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 20,000க்கு மேல் போகாது.

"ஆறை எடுத்துட்டு எட்டைப் போடுன்னு இவர் கூட்டாளிங்க எல்லாரும் சொல்றாங்க அண்ணி" என்றாள். எஞ்சினை மட்டும் மாற்றினால் முடியாது. கியர்பாக்ஸ், பின் அச்சு, முன் பிரேக், ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாம் மாற வேண்டும். சக்கரத்துக்கு ஐந்தாவது நட்டு வரும். அதற்குக் கூடுதலாக 10,000. அப்படிச் செய்தால் 28,000க்கு விற்கலாம். அவள் கழித்துக் காட்டினாள்: ஆறிலே நட்டம் 15,500, எட்டிலே நட்டம் 17,500.

"அப்புறம் ஏன் எல்லாரும் எட்டுக்கு மாத்தறாங்க?"

"பார்க்கிறவங்க என்ன சொல்வாங்கன்னுதான்." நோட்டை மூடப் போனவள் நிறுத்தினாள். "அண்ணி, ரெண்டு வருஷமா சனிக்கிழமை முழுக்கப் பிள்ளைங்களை நான்தான் பாத்துக்கறேன். அதை இதுல எந்தப் பத்தியில எழுதறது?"

தம்பி தலை நிமிரவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

'செக்ரெட்டரி கார்' என்ற பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினேன். 1962இல் ஹெலன் கர்லி பிரவுன், மணமாகாத பெண்ணும் பாலுறவும் பற்றி எழுதிய நூல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. அந்தத் தலைப்பில் ஓரெழுத்தை மாற்றி, 'செக்ஸ்' என்ற இடத்தில் 'சிக்ஸ்' என்று போட்டு, ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு விளம்பரம் செய்தது ஃபோர்டு. தனியாக வாழும், சொந்தச் சம்பளம் வாங்கும் பெண்ணை நிறுவனம் நன்றாகவே பார்த்திருந்தது. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். விலை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு, அதே அழகு என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள் அவர்கள். தட்டச்சு செய்தும் தொலைபேசி இணைப்புக் கொடுத்தும் பள்ளியில் பாடம் நடத்தியும் சேர்த்த பணம். வேலைக்குப் போக, அம்மாவைப் பார்க்க, வேண்டாத இடத்திலிருந்து எழுந்து வர, யார் தயவும் வேண்டாத ஒரு வண்டி.

அந்தச் சுதந்திரமும் முழுமையானதில்லை. பாலினத்தையும் மணநிலையையும் காரணம் காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1974இல்தான் வந்தது. அதுவரை, சம்பளம் வாங்கும் பெண்ணிடமும் கணவரின் அல்லது அப்பாவின் கையெழுத்தை வங்கி கேட்கலாம். பெண்களுக்கான தேசிய அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது 1966இல். தம்பியின் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அதே ஆண்டு.

தம்பி அந்த வண்டியை வாங்கியது, இறந்துபோன ஒரு மூதாட்டியின் வீட்டுச் சாமான்களை விற்றபோது. டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. எண்ணெய்க் கறையால் தாள்கள் ஒட்டியிருந்தன. அவன் அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். பென்சிலில் எழுதிய வரிசைகள்: தேதி, ஓடிய மைல், ஊற்றிய பெட்ரோல், கொடுத்த காசு. ஆயில் மாற்றிய நாள். டயர் மாற்றிய நாள். பதினொரு ஆண்டுகளுக்கு ஒரு வரிகூட விடுபடவில்லை. மனம் திறந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் மாதத் தவணைகளின் பட்டியல். முப்பத்தாறாவது தவணைக்குக் கீழே இரட்டைக் கோடு. அந்தக் கோடு மட்டும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று நோட்டில் இல்லை. செக்ரெட்டரியாகவே இருந்திருக்கலாம்.

பெண் என்றால் ஆறு சிலிண்டர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் மஸ்டாங்கை முதன்முதலில் வாங்கியவர் என்று அறியப்படுகிறவர் கெயில் வைஸ். அப்போது அவருக்கு வயது 22. பள்ளி ஆசிரியை. அறிமுக நாளுக்கு இரண்டு நாள் முன்பு, 1964 ஏப்ரல் 15 அன்று, சிகாகோவில் ஒரு ஃபோர்டு விற்பனைக் கடையின் பின்னறையில் மூடிவைத்திருந்த நீல நிறத் திறந்த கூரை வண்டியைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்தது வி-8. விலை ஏறத்தாழ 3,400 டாலர். பெற்றோரிடம் கடன் வாங்கித்தான் கொடுத்தார். பின்பு குடும்பம் பெருகி, பழுதான வண்டி ஏறத்தாழ 27 ஆண்டுகள் கேரேஜில் கிடந்தது. பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த கணவர், ஓய்வு பெற்ற பிறகு கிட்டத்தட்ட 35,000 டாலர் செலவில் அதை மீட்டார். அதன் மதிப்பு மூன்றரை லட்சம் டாலருக்கும் மேல் என்று பின்னாளில் செய்திகள் சொல்லின. அதே போன்ற வேறொரு நீல வண்டிக்கு அந்த விலை கிடைக்காது. விலையை உயர்த்தியது எஞ்சினோ பெயின்டோ அல்ல. 1964இல் கொடுத்த விற்பனைச் சீட்டு அந்த வீட்டில் பத்திரமாக இருந்தது. 'செக்ரெட்டரி கார்' என்று சிரிக்கிறவர்கள், முதல் வாடிக்கையாளர் ஓர் ஆசிரியை என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இருக்கைகள். தம்பியின் சீட்டுகளைப் பழைய தையல் மாதிரி மாறாமல் மறுபடி தைக்க ஒருவர் சொன்ன கூலியைக் கேட்டு எனக்கு மூச்சடைத்தது. "இது சாதாரண வேலை இல்லம்மா, கைத்திறன்" என்பதுபோல அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அதே ஃபோர்டு நிறுவனத்தின் இங்கிலாந்துத் தொழிற்சாலை. லண்டனுக்குக் கிழக்கே டாகன்ஹாமில் கார் சீட் உறைகளைத் தைத்த 187 பெண்கள் 1968 ஜூன் 7 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் வேலையைத் திறன் குறைந்த பிரிவில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரிவில்கூட ஆண் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். உறை இல்லாமல் சீட் இல்லை, சீட் இல்லாமல் கார் இல்லை. தொழிற்சாலை ஸ்தம்பித்தது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டு, ஆண் கூலியில் 92 விழுக்காடு என்று முடிவானது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1970இல் சமஊதியச் சட்டம் வந்தது. ஆனால் அவர்கள் முதலில் கேட்டது வேறு: எங்கள் வேலை திறன்வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பது. அதற்கு இன்னொரு வேலைநிறுத்தமும் 1984ஆம் ஆண்டும் வர வேண்டியிருந்தது. அன்று திறன் இல்லை என்று சொல்லப்பட்ட தையல்தான் இன்று 'அசல்' என்று தேடப்படுகிறது. இன்று அதே தையலை மறுபடி போடுகிறவருக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கிறோம்.

ஒரு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால் எந்தப் பழைய நிலை என்ற கேள்வி முதலில் எழுகிறது. டி என்று பிறந்த வண்டியில் வி-8ஐப் பொருத்தி ஐந்து நட்டுப் போட்டால், அது இருந்த ஒன்றை மீட்பது ஆகாது. 1966இல் ஒரு பெண் கணக்குப் பார்த்து எடுத்த முடிவை, அறுபது ஆண்டு கழித்து வெட்கப்பட்டுத் திருத்துவது. சுவடியில் தனக்குப் பிடிக்காத சொல்லைத் திருத்தி அச்சிடுகிற பதிப்பாசிரியரும் இதைத்தான் செய்கிறார். இப்படி ஒவ்வொரு கேரேஜிலும் ஒவ்வொரு வண்டி மாறிக்கொண்டே போனால், அந்தக் காலத்துச் சாலையில் ஓடியதெல்லாம் வி-8தான், ஓட்டியதெல்லாம் ஆண்கள்தான் என்று நம்புவது நம் பேரப்பிள்ளைகளுக்கு எளிதாகிவிடும்.

இதையெல்லாம் தம்பியிடம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. நோட்டை அவனிடம் கொடுத்து, முதல் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அவன் இரட்டைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவெடுக்க வைத்தது அதுதான் என்று சொன்னால் கதையாகிவிடும். 2,000 டாலர் அதிக நட்டம் என்ற அவன் மனைவியின் கணக்கும் சேர்ந்துதான் முடிவெடுத்தது. ஆறு சிலிண்டர் அப்படியே இருக்கும் என்றான். மனைவி போட்ட நிபந்தனை ஒன்று: மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவளுடையது. அதனால் வேலை முடிய இன்னும் ஒரு வருடம் கூடுதலாக ஆகும். அவன் ஒப்புக்கொண்டான்.

நான் ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அவள் பேனாவோடு அந்தப் பழைய நோட்டை எடுத்தாள். கடைசியில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. "இதுலயே தொடர்ந்து எழுதிடட்டுமா அண்ணி?"

"வேண்டாம்மா" என்றேன். "அது அவங்க நோட்டு. நீ புதுசா ஒண்ணு வாங்கு."

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி வாங்கினாள். முதல் பக்கத்தில் நான்கு பத்திகள் பிரித்தாள். தேதி, செலவு, செய்த வேலை. நான்காவது பத்தியின் தலைப்பில் 'சனிக்கிழமை' என்று எழுதினாள்.