உத்தம சோழன் மேல் நான் போட்ட பழி

2022-ஆம் வருஷக் கடைசி. 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் வந்து கும்பகோணம் முழுக்க அதே பேச்சாக இருந்தது. எங்கள் பேட்டை மூத்த குடிமக்கள் கூட்டத்தில், "சார், நீங்க சரித்திரமெல்லாம் படிக்கிறவராச்சே, ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு அரைமணி நேரம் பேசுங்க" என்றார்கள். அஞ்சல் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவனுக்கு மைக் கிடைப்பது அபூர்வம். சரி என்றேன்.

அப்போது என்னிடம் சோழர் வரலாறு பற்றி இருந்தது ஒரே புத்தகம்தான். நீலகண்ட சாஸ்திரியார் ஆங்கிலத்தில் 1935-லும் 1937-லும் இரண்டு பாகமாக எழுதிய பெருநூலின் தமிழ் வடிவம், 'சோழர்கள்'. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கியது. மகா பெரிய உழைப்பு அது. கல்வெட்டுகள் பல அச்சாகாமலே இருந்த காலத்தில், ஆண்டறிக்கைகளைத் துழாவித் துழாவி ஒரு வம்சத்தின் நானூறு வருஷக் கதையைக் கட்டி எழுப்பினார். அதைப் படித்துவிட்டு நான் கூட்டத்தில் அடித்துச் சொன்னேன்: "கொலைக்குப் பின்னால் இருந்தவன் சிற்றப்பன் உத்தம சோழன்தான். சந்தேகமே வேண்டாம்." கைதட்டல் நன்றாகவே கிடைத்தது.

காபி கொடுக்கும்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர்.

"பேச்சு நல்லா இருந்தது தம்பி. பண்டாரத்தாரைப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"நம்ம ஊர்ப் பக்கத்து மனுஷர். அவரைப் பார்க்காம ஒரு ராஜா மேல கொலைப் பழி போட்டுட்டீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இரவு தூக்கம் வரவில்லை.

சதாசிவப் பண்டாரத்தார் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். கும்பகோணத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பாகம் 1949-ல் வந்தது. திருப்புறம்பியம் வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் எழுதிய புத்தகத்தைத் தொட்டதில்லை.

மறுநாளே நூலகத்துக்குப் போய் எடுத்தேன். அதன் பிறகு சுமார் ஒரு வருஷம் இந்த ஒரே விஷயத்தைத்தான் படித்தேன். வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது.

விஷயம் இதுதான். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜகேசரி என்ற பட்டம் கொண்ட அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடிக்கொண்டவர்கள். உத்தமன் பரகேசரி, அவனுக்குப் பின் வந்த ராஜராஜன் ராஜகேசரி. ஆகவே இது ராஜராஜனின் இரண்டாம் ஆண்டு, அதாவது 986-ஐ ஒட்டியது. 'பாண்டியன் தலைகொண்ட' கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்துகளைப் பற்றி அரசன் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு உத்தரவு அனுப்புகிறான். அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தர்மம் செய்கிறார். உண்மையில் கல்வெட்டு வெட்டப்பட்டது இந்தத் தர்மத்துக்காகத்தான். ஒரு கிரயப் பத்திரத்துக்குள் ஒரு கொலை வழக்கு அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

ஆதித்தன் கொல்லப்பட்டது 970-ஐ ஒட்டி. அடுத்துப் பதினைந்து வருஷம் உத்தமன் ஆண்டான். தண்டனை பற்றிய பேச்சு ராஜராஜன் வந்த பிறகே வருகிறது. உத்தமன் ஏன் சும்மா இருந்தான்? இது சாஸ்திரியாரின் கேள்வி. கூடவே திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் அவர் சேர்த்துப் பார்க்கிறார். சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தான் அரசை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருண்மொழி ஒதுங்கியதாக அதன் வடமொழிப் பகுதி சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் விரல் உத்தமனை நோக்கித்தான் நீளும். ஒரு புத்தகம் மட்டும் படித்தவனுக்கு அது தீர்ப்பாகவே தோன்றும். எனக்குத் தோன்றியது.

பண்டாரத்தார் இதை ஒப்பவில்லை. சிற்றப்பன்தான் கொலைக்குக் காரணம் என்றால் ராஜராஜன் அவனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்திருப்பானா, ஊரார்தான் பொறுத்திருப்பார்களா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடம் கோயில் காரியங்களைப் பார்க்கும் அதிகாரியாக இருந்தான். அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு யாராவது அப்படி வேலை கொடுப்பார்களா? உத்தமனின் தாயார் செம்பியன் மாதேவி ராஜராஜன் ஆட்சியிலும் மரியாதையோடு கோயில் பணி செய்து வந்தார். ராஜராஜன் பிள்ளை ராஜேந்திரனுக்கும் மதுராந்தகன் என்றே பெயர். உத்தமனுக்கும் அதே பெயர்தான்.

இதைப் படித்ததும் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. மறுபடி அவசரப்பட்டேன். ஆனால் அந்தப் பதினைந்து வருஷ மௌனம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பண்டாரத்தார் நூலிலும் எனக்கு முழுத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. ராஜராஜனின் உத்தரவு கொலையாளிகளுக்கான முதல் தண்டனையா, அல்லது எப்போதோ தண்டிக்கப்பட்டவர்களின் மிச்சச் சொத்தைப் பற்றியதா என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டாவதுதான் என்றால் மௌனம் என்ற வாதமே ஆட்டம் காண்கிறது.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. ரவிதாசனுக்குக் கல்வெட்டில் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆகா, இவன் பாண்டியனுடைய ஆள், வீரபாண்டியன் தலை போனதற்குப் பழி வாங்கினான் என்று சொல்லிவிடலாம். கல்கி அந்த வழியாகத்தான் கதையைக் கொண்டுபோனார். ஆனால் பாண்டியரை வென்ற சோழர்கள் அந்தப் பெயரைத் தங்களவர்களுக்கே சூட்டினார்கள். பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். அது ராஜராஜனின் தேவி பஞ்சவன் மாதேவிக்கு எடுத்தது. அவர் என்ன பாண்டியர் உளவாளியா? ரவிதாசனோடு பிறந்த பரமேசுவரனுக்கோ 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்' என்று பட்டம். ஒரே வீட்டில் ஒருவனுக்குப் பாண்டியன் பெயர், ஒருவனுக்குச் சோழன் பெயர். இரண்டும் சோழ அரசு அதிகாரிகளுக்குக் கொடுத்த விருதாகவே இருக்கலாம். கல்வெட்டுச் சொல்லுக்குப் பொருள் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளையும் நூலகத்தில் புரட்டினேன். 'திருமுகம்' என்றால் கடிதம், அதிலும் பெரியவர்கள் விடுக்கும் கடிதம். தபால்காரனாக இருந்தும் அந்தச் சொல்லின் கனம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் அவர் எழுதியபோது இந்த இரண்டு அறிஞர்களின் நூல்களும் அச்சில் இருந்தன. கதையில் மதுராந்தகன் என்று வருபவன் அரியணைக்கு ஆலாய்ப் பறக்கிறான். கடைசியில் உத்தம சோழனாக முடிசூடுபவனோ பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன். சிறு வயதில் அதை வெறும் கதைத் திருப்பம் என்று நினைத்துப் படித்தேன். இப்போது பார்த்தால், சாஸ்திரியாரின் உத்தமனையும் பண்டாரத்தாரின் உத்தமனையும் இரண்டு ஆளாகப் பிரித்து இருவருக்கும் இடம் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. நாவலாசிரியருக்கு அந்தச் சௌகரியம் உண்டு. கூட்டத்தில் பேசுகிறவனுக்கு இல்லை.

உடையார்குடிக்கு ஒருநாள் போய்வந்தேன். வீரநாராயணன் ஏரிதான் இன்றைய வீராணம்; முதல் பராந்தகனின் பட்டப்பெயர் அது. ஊர்ப்பெயரும் அதையொட்டியதே. நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊரும் அதுதான். சுவர் எதிரில் அரைமணி நேரம் நின்றேன். கிரந்த எழுத்தும் தமிழும் கலந்து ஓடுகிறது. நாலைந்து எழுத்துக்கு மேல் என்னால் கூட்டிப் படிக்க முடியவில்லை. எவ்வளவு தைரியமாகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இப்போதெல்லாம் ஒரு சரித்திரப் புத்தகம் வாங்கினால், அதோடு சண்டை போடும் இன்னொன்று உண்டா என்று கடைக்காரரிடம் கேட்கிறேன். பாதிக் கடைகளில் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். கூடவே அந்தக் காலத்து இலக்கியம் ஒன்று. உத்தமனுக்காக, அவன் தகப்பனார் கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பாவைப் படித்தேன். கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவி கணவர் பெயரால் எடுத்த கற்றளியையும், அவர் சிவனை வணங்கும் சிற்பத்தையும் பார்த்தேன். பக்திமான் பிள்ளை கொலை செய்ய மாட்டான் என்று இதனால் சொல்ல முடியாது. ஆனால் யார்மேல் பழி போட்டேன் என்று தெரிந்தது.

அடுத்த வருஷக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கி, முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். "அப்போ ஏவினது யாரு சார்?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். கல்வெட்டில் வெட்டியவர்களின் பெயர் இருக்கிறது, ஏவியவன் பெயர் இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். இந்தத் தடவை கைதட்டல் குறைவு. தமிழாசிரியர் ஐயா மட்டும் எழுந்து வந்து, தன் சொந்தப் பிரதியான பண்டாரத்தார் இரண்டாம் பாகத்தைக் கையில் கொடுத்தார். குலோத்துங்கன் வாரிசுகள் சமாசாரம். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.